நாயின் இதயமும் இல்லறத்தார் பொறுப்பும்

நாயை இழிந்த உயிராக எண்ணுதல் நம் மரபன்று. அடியுண்டு உயிர் நீங்கும் நிலையிலிருந்த நாயின் செவியில் சீவகன் பஞ்ச நமஸ்காரத்தை ஓத, அது சுதஞ்சணன் என்னும் தேவனாகத் தோன்றிய செய்தியைச் சீவகசிந்தாமணியால் நம் இல்லத்துச் சிறாரும் அறிவர். ஐம்பொறிகளோடு மனமும் உடைய உயிர் அது. இக்காலத்தில் நம் குடும்பங்கள் சிலவற்றிலும் உயர்ந்த விலை கொடுத்து இனத்தூய்மையுடைய நாய்க்குட்டிகளை வாங்கி வளர்க்கும் வழக்கம் வந்துள்ளது. வாங்கிய நாயை அன்போடு பேணுவது எவ்வாறு என்பதைப் பலரும் எழுதியுள்ளனர். அந்நாய் எவ்வாறு பிறப்பிக்கப்பட்டது என்பதே இப்பாடத்தின் பொருள்.

இதற்கு எடுத்துக்காட்டாகக் கேவலியர் கிங் சார்லஸ் ஸ்பேனியல் என்னும் இங்கிலாந்து நாட்டுச் சிறு நாயினத்தைக் கொள்வோம். நீண்ட காதும் பெரிய கண்ணும் இனிய இயல்பும் உடையது. பழைய ஓவியங்களில் காணப்படும் நீண்ட மூக்குடைய சிறு ஸ்பேனியலை மீண்டும் உருவாக்க வேண்டும் என்று ராஸ்வெல் எல்ட்ரிட்ஜ் என்னும் அமெரிக்கர் 1926ஆம் ஆண்டில் லண்டன் நாய்க் கண்காட்சியில் 25 பவுண்டு பரிசு அறிவித்தார். 1928இல் இவ்வினத்திற்கென ஒரு சங்கம் தோன்றியது. 1945இல் இங்கிலாந்தின் கென்னல் கிளப் இதனைத் தனி இனமாக ஏற்றது. மூல முன்னோர் மிகச் சிலரே. ஆதலின், அம்முன்னோரிடம் மறைந்திருந்த குறை குலம் முழுவதும் பரவிற்று.

அக்குறை இதயத்தில் உள்ளது. இதயத்தின் இடப்புறத்தில் மேலறைக்கும் கீழறைக்கும் இடையே இரண்டு இதழ்களால் ஆன ஈரிதழ் வால்வு அமைந்துள்ளது. கீழறை சுருங்கும்போது இவ்விதழ்கள் இறுக மூடிக்கொள்ள, குருதி பின்னோக்கிச் செல்லாமல் உடலுக்குப் பாயும். கேவலியர் இனத்தில் இவ்விதழ்கள் இளவயதிலேயே தடித்து, முடிச்சுற்று, சரிவர மூடாமற் போகின்றன. கசியும் குருதியின் ஓசையே மருத்துவர் ஸ்டெதாஸ்கோப்பில் கேட்கும் முணுமுணுப்பு. மற்றச் சிறு நாய்களுக்கும் முதுமையில் இந்நோய் வருவதுண்டு. ஆனால் இவ்வினத்தில் ஐந்து வயதளவில் ஏறத்தாழப் பாதி நாய்களிடம் முணுமுணுப்புத் தோன்றிவிடுகிறது. பத்து வயதைக் கடந்தவற்றுள் அஃது இல்லாதன அரிது. முணுமுணுப்புத் தோன்றிய பின்னும் பல ஆண்டுகள் நலமாக வாழும் நாய்களும் உண்டு. வேறு சில மூச்சுத் திணறி, நுரையீரலில் நீர் கோத்துத் துன்புற்று இறக்கின்றன.

இங்கே ஓர் எளிய கணக்கினைப் போட்டுப் பார்ப்போம். ஒரு பெண் நாயைப் பதினெட்டாம் மாதத்தில் இணைசேர்த்தால், இரண்டு மாதம் கருச்சுமந்து இருபதாம் மாதத்தில் ஈனும். அதன் பெண்குட்டியையும் அவ்வாறே செய்தால் நாற்பதாம் மாதத்தில் பேரக்குட்டிகள் பிறக்கும். அறுபதாம் மாதத்தில் கொள்ளுப்பேரக்குட்டிகள் பிறக்கும். அறுபது மாதம் என்பது ஐந்து ஆண்டு. அதாவது, முதல் நாயின் இதயத்தில் முணுமுணுப்புக் கேட்கத் தொடங்கும் வேளையில் அதன் மூன்றாம் தலைமுறை உலகிற்கு வந்துவிட்டது! குட்டிகள் விற்கப்பட்டு எங்கெங்கோ சென்றுவிட்டன. பிறந்தவுடன் தெரியும் நோயாயின் எவரும் எளிதில் விலக்குவர். இனப்பெருக்க வயது கடந்தபின் வெளிப்படும் நோயே தலைமுறை தலைமுறையாக ஒளிந்து செல்கிறது.

ஆதலின், 1998ஆம் ஆண்டில் கால்நடை இதய மருத்துவ வல்லுநர் வகுத்த நெறி, சோதனையோடு காத்திருத்தலையும் சேர்த்தது. இரண்டரை வயது நிறையும்வரை எந்தக் கேவலியரையும் இணைசேர்த்தல் கூடாது. அவ்வயதில் அதன் இதயம் முணுமுணுப்பின்றி இருத்தல் வேண்டும். அதன் தாயும் தந்தையும் ஐந்து வயதிலும் முணுமுணுப்பின்றி இருந்தமை உறுதியாக வேண்டும். இளநாயின் இதயம் இன்று நலமாயிருப்பது சிறு சான்றே. பெற்றோர் இதயம் ஐந்து ஆண்டு தாங்கியது என்பதே பெருஞ்சான்று. குட்டி விற்போர் பலருக்கு இந்நெறி கசக்கிறது. காத்திருக்கும் ஆண்டுகளில் தீனிச் செலவு உண்டு, வருவாய் இல்லை.

சோதனையைப் பெயரளவில் செய்வதற்கும் செவ்வனே செய்வதற்கும் உள்ள வேறுபாட்டை அண்டை நாடுகள் இரண்டு காட்டின. சுவீடன் நாட்டில் 2001 முதல், காதால் கேட்டு முணுமுணுப்பு உண்டா என்று அறியும் முறை பின்பற்றப்பட்டது. 2010இல் வெளிவந்த ஆய்வில், ஆறு வயது நாய்களிடையே நோய் குறைந்ததாகக் காணப்படவில்லை. டென்மார்க்கிலோ காதால் கேட்பதோடு எக்கோ என்னும் ஒலியலைப் படமும் கட்டாயமாக்கப்பட்டது. வால்வின் இதழ் பின்னோக்கிப் பிதுங்குவதை அப்படம் காட்டும். முணுமுணுப்பு எழுமுன்னரே இதழ்க்குறை புலனாகும். அத்திட்டத்தின்படி பிறந்த குட்டிகளிடம் வால்வுக் கசிவு நேரும் வாய்ப்பு 73 விழுக்காடு குறைந்தது என 2016இல் வெளியான ஆய்வு கூறிற்று. பத்து ஆண்டுகளுக்குள் கிட்டிய பயன் இது. குலநோய் என்று கைவிடப்பட்டதை மனித முயற்சி குறைக்க இயலும் என்பதற்கு இதனினும் தெளிந்த சான்று வேண்டுமோ?

ஆயினும் ஒரு சிக்கல் உண்டு. நோயுற்றவை அனைத்தையும் ஒரேயடியாக விலக்கினால் எஞ்சுவன மிகச் சில. அவற்றையே மீண்டும் மீண்டும் இணைத்தால் இரத்த உறவு நெருங்கி வேறு குறைகள் தலைதூக்கும். இவ்வினத்தில் மண்டையோடு சிறுத்து மூளையும் தண்டுவடமும் நெருக்குண்ணும் கொடுநோயும் உண்டு. இக்காரணத்தால் வேற்றினத்தோடு கலந்தே இதனைக் காக்க இயலும் என்று அறிஞர் சிலர் கருதுகின்றனர். நார்வே நாட்டில் வழக்கே நடந்தது. 2022 ஜனவரியில் ஓஸ்லோ நீதிமன்றம், கேவலியரையும் ஆங்கிலப் புல்டாகையும் இனப்பெருக்கம் செய்தல் அந்நாட்டு விலங்குநலச் சட்டத்திற்கு மாறானது என்றது. மேல்முறையீட்டில் புல்டாக் பற்றிய பகுதி நீங்கிற்று. கேவலியர் பற்றியது நின்றது. 2023 அக்டோபரில் உச்ச நீதிமன்றமும் அதனை உறுதி செய்தது. இந்நாய்களை வளர்ப்பதற்குத் தடையில்லை. நோய் நிறைந்த குலத்திற்குள்ளேயே மேலும் பிறப்பிப்பதையே நீதிமன்றம் தவறென்றது.

இனி, நம் சமயத்தார் சிலர் எழுப்பும் வினாவிற்கு வருவோம். நோய் என்பது அவ்வுயிரின் அசாதா வேதனீய கர்மத்தின் பயன். பிறப்பித்தவருக்கு அதில் என்ன பங்கு என்கின்றனர். அவ்வுயிரின் கர்மம் அதனுடையது என்பது மெய்யே. ஆனால் உமாஸ்வாமி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இம்சைக்கு இலக்கணம் கூறுங்கால், பிரமாதத்தோடு கூடிய செயலை முன்வைக்கிறார். பிரமாதமாவது சோர்வும் அசட்டையும். அறியக்கூடியதை அறியாமல், வருவாய்க்காக விரைந்து செய்பவரின் அசட்டை அவருடைய கர்மமே. மற்றோர் உயிரின் வினையைக் காட்டி அதனின்று தப்ப இயலாது.

அகிம்சை அணுவிரதத்தின் அதிசாரங்கள் ஐந்தினையும் நோக்குக. கட்டுதல், அடித்தல், உறுப்பைச் சேதித்தல், மிகுசுமை ஏற்றுதல், உணவும் நீரும் தடுத்தல். இவை யாவும் பிறந்துவிட்ட உயிருக்குச் செய்யும் தீங்குகள். பிறவாத உயிருக்குச் செய்யும் தீங்கு இப்பட்டியலில் பெயர் சொல்லப்படவில்லை. எனினும் பன்னிரண்டாம் நூற்றாண்டைச் சேர்ந்த சுவேதாம்பர ஆசாரியர் ஹேமசந்திரர் தம் யோகசாஸ்திரத்தில், சிராவகர் நீக்கத்தக்க தொழில்களுள் பொருளுக்காகப் பூனை, நாய், கிளி முதலியவற்றை வளர்ப்பதையும் சேர்த்துள்ளார். வீட்டு நாயைக் கொண்டு ஆண்டுதோறும் குட்டி விற்றுப் பொருள் ஈட்ட எண்ணும் நம்மவர் இதனை ஆழ்ந்து நோக்குதல் நன்று. வளர்க்க விரும்புவோருக்குத் தெருவில் பிறந்து ஆதரவின்றித் திரியும் குட்டிகள் உள்ளனவே என்பது நம் கருத்து. அவற்றை எவரும் விலைக்காகப் பிறப்பிக்கவில்லை.

இனநாயையே வாங்குவேன் என்போர், குட்டியின் அழகைக் காணுமுன் அதன் பெற்றோரின் சோதனைத் தாள்களைக் காண வேண்டும். யார் சோதித்தது, எந்த வயதில், காதால் மட்டுமா, எக்கோவும் உண்டா என்று கேட்க வேண்டும். "பெற்றோர் நலமாக ஓடி விளையாடுகின்றன" என்னும் விடை விடையன்று. டாபர்மேன் இனத்தை வாங்குவோர் இன்னும் கவனமாயிருத்தல் வேண்டும். அவ்வினத்தின் நோய் இதயத்தசையைப் பற்றியது. முணுமுணுப்பின்றியும் வளரும், திடீர் மரணமே முதல் அறிகுறியாவதும் உண்டு. அதனை அறிய எக்கோவோடு, ஒருநாள் முழுதும் துடிப்பைப் பதிவுசெய்யும் ஹோல்டர் கருவியும் வேண்டும். அதையும் ஆண்டுதோறும் செய்தல் வேண்டும்.

ஏற்கெனவே இல்லத்தில் உள்ள நாய்க்கு முணுமுணுப்புக் கண்டால் அஞ்சற்க. இதயம் பெருத்த நாய்களுக்கு முன்னதாகவே பிமோபென்டான் என்னும் மருந்தைத் தருவதால், மூச்சுத் திணறும் நிலை ஏறத்தாழ பதினைந்து மாதம் தள்ளிப்போவதாக 2016இல் வெளியான ஆய்வொன்று காட்டியது. மருத்துவர் சொல்லின்றி அதனைத் தருதல் கூடாது. வீட்டுச் சிறுவர் செய்யத்தக்க பணியும் ஒன்றுண்டு. நாய் அயர்ந்து உறங்கும்போது கடிகாரத்தைப் பார்த்து, அரை நிமிடத்தில் அதன் மார்பு எத்தனை முறை எழுந்து தாழ்கிறது என்று எண்ணி, இரண்டால் பெருக்கிக் குறிப்பேட்டில் நாள்தோறும் எழுதி வரலாம். முப்பதுக்குக் கீழ் நின்றால் நன்று. முப்பதைக் கடந்து அவ்வாறே தொடர்ந்தால் மறுநாளைக்கென்று வைக்காமல் அன்றே மருத்துவரிடம் கொண்டுசெல்க.