கணக்கு ‘வராதா’, வரவிடவில்லையா?

“மத்த பாடமெல்லாம் பரவாயில்லை சார், கணக்குதான் இவனுக்கு வராது.” பெற்றோர் கூட்டத்தில் பிள்ளையைப் பக்கத்தில் நிறுத்திக்கொண்டே பலரும் சொல்லும் வார்த்தை இது. நின்று கேட்கும் பிள்ளை அதை அப்படியே நம்பிவிடுகிறது. உயர்நிலைப் பள்ளிக் கணக்கைச் சுற்றியுள்ள இத்தகைய நம்பிக்கைகள் சிலவற்றை உரசிப் பார்ப்போம்.

நம்பிக்கை: கணக்கு மூளை பிறவியிலேயே அமைய வேண்டும்.

உண்மை: ஈரானில் பிறந்த மரியம் மிர்சாகானி நடுநிலைப் பள்ளியில் ஓராண்டு கணக்கில் பின்தங்கினார். அவரிடம் திறமை இருப்பதாக ஆசிரியர் நினைக்கவில்லை. மரியமின் தன்னம்பிக்கையும் சரிந்தது. மறு ஆண்டு தட்டிக்கொடுக்கும் ஆசிரியர் வாய்த்தார், படிப்பு நிமிர்ந்தது. கணிதத்தின் உயரிய விருதான ஃபீல்ட்ஸ் பதக்கத்தை 2014-இல் பெற்றார். அதைப் பெற்ற முதல் பெண் அவர்தான். இரண்டு ஆண்டும் மாணவி ஒருவரே, மாறியது வகுப்பறை.

நம்பிக்கை: பட்டென்று விடை சொல்பவரே கெட்டிக்காரர்.

உண்மை: 1950-இல் அதே பதக்கத்தைப் பெற்ற பிரெஞ்சுக் கணித மேதை லோரான் ஷ்வார்ட்ஸ், பள்ளி நாட்களில் தன்னை மந்தமானவர் என்றே எண்ணியிருந்தார். ஆழமாக யோசிக்க நேரம் பிடிக்கும். அமெரிக்க வகுப்பறைகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, ஆசிரியர்கள் கேள்வி கேட்டபின் ஏறத்தாழ ஒரு விநாடிதான் பொறுக்கிறார்கள் என்று கண்டார். மூன்று விநாடி பொறுத்தபோது பதில்கள் நீண்டன. வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். முதலில் உயரும் கைக்கே வாய்ப்புக் கொடுத்தால், மற்றவர்கள் யோசிப்பதையே விட்டுவிடுவார்கள்.

நம்பிக்கை: பயம் இருந்தால்தான் கணக்குப் போடுவார்கள்.

உண்மை: ஒரு கணக்கைப் போடும்போது இடைவிடைகளை மனத்தில் ஏந்திக்கொண்டே அடுத்த படிக்குப் போக வேண்டும். ‘தப்பாகிவிட்டால் எழுப்பி நிறுத்துவாரோ’ என்ற கவலையும் அதே இடத்தில்தான் வந்து உட்காருகிறது. கணக்கு அச்சம், இப்படி மனத்தில் ஏந்திவைக்கும் செயல்நினைவைக் குறைக்கிறது என்பதை ஆஷ்கிராஃப்ட், கிர்க் என்ற ஆய்வாளர்கள் 2001-இல் காட்டினார்கள். வீட்டில் சரியாகப் போட்ட கணக்கு பரீட்சை அறையில் மறந்துபோவதற்கு இதுவும் ஒரு காரணம்.

நம்பிக்கை: தப்பான விடையை உடனே அழித்துவிட வேண்டும்.

உண்மை: (a+b)² = a²+b² என்று ஒரு மாணவி கரும்பலகையில் எழுதுகிறாள் என்று வைத்துக்கொள்வோம். “தப்பு, உட்கார்” என்றால் பாடம் அங்கேயே முடிந்தது. “a-க்கு 2, b-க்கு 3 போட்டுப் பாரும்மா” என்றால், ஒரு பக்கம் 25, இன்னொரு பக்கம் 13. குறையும் 12 எங்கே போனது? பக்கம் 5 உள்ள சதுரத்தை வரைந்து பிரித்தால், 4-உம் 9-உம் சதுரங்களாக நிற்கின்றன. 2-க்கு 3 அளவில் இரண்டு செவ்வகங்கள் மிச்சம். அந்த 12-தான் 2ab. இனி அந்த வகுப்பில் யாரும் அதைச் சுலபமாக மறக்க மாட்டார்கள்; ஒரு தப்பு எல்லோருக்கும் பாடமாகிவிட்டது.

நம்பிக்கை: பெண் பிள்ளைகளுக்குக் கணக்கு கொஞ்சம் கடினம்.

உண்மை: அமெரிக்காவில் 2 முதல் 11-ஆம் வகுப்பு வரை 70 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர்களின் தேர்வு முடிவுகளை ஜேனட் ஹைட் குழுவினர் 2008-இல் அலசினார்கள். சராசரியில் ஆண், பெண் வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

அடுத்த பெற்றோர் கூட்டத்தில் ‘வராது’ என்ற சொல்லை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். விடைத்தாளைப் பிரித்து, “எந்தப் படியில் சிக்கிச்சு?” என்று பிள்ளையிடமே கேளுங்கள். ஆசிரியரும் பக்கத்தில் இருந்து அந்தப் படியைப் பார்க்கட்டும். பெரும்பாலும் அடைத்து நிற்பது அந்த ஒரு படிதான்.