மூபான் முதல் சங்வாட் வரை

தாய்லாந்திலுள்ள ஒரு வீட்டுக்கு நாம் கடிதம் எழுதுவதாக வைத்துக்கொள்வோம். உறையின் மேல் வீட்டு எண், மூ 3, தம்போன் பான்லேன், அம்போ பாங்பா-இன், சங்வாட் அயுத்தயா என்று எழுத வேண்டும். இந்த ஒரே முகவரிக்குள் அந்நாட்டின் ஆட்சிப் பிரிவுகள் அத்தனையும் அடங்கிவிடுகின்றன.

சங்வாட் என்பது மாகாணம். பாங்காக் நீங்கலாக இவை 76. கடைசியாகப் பிறந்தது 2011-இல் நோங்காயிலிருந்து பிரிந்த புவெங்கான். சங்வாட்டின் கீழ் 878 அம்போக்கள். நம் வட்டங்களைப் போன்றவை. (நம் ஊரில் "அம்போ என்று விட்டான்" என்கிறோமே, அதற்கும் இதற்கும் எவ்வித உறவும் இல்லை!) அம்போவின் கீழ் தம்போன், தம்போனின் கீழ் மூபான், அதாவது கிராமம். பாங்காக் மாநகரில் மட்டும் பெயர்கள் வேறு. அங்கே 50 கேட்டுகள் உள்ளன.

இவற்றுள் என் மனத்தைக் கவர்ந்தது மூபானே. ஒவ்வொரு தம்போனிலும் மூபான்களுக்கு ஒன்று, இரண்டு என எண் உண்டு. பழைய ஊர் ஒன்று பெருகினால் அதையே இரண்டு மூன்று எண்களாகப் பிரித்துவிடுவர். பெயர் ஒன்று, மூபான்கள் பல! எவ்வளவு பேர் இருந்தால் கிராமம்? 1914-ஆம் ஆண்டுச் சட்டம் விடை கூறுகிறது. மக்கள் நெருங்கி வாழுமிடத்தில் ஏறத்தாழ 200 பேர். வீடுகள் சிதறிக் கிடக்குமிடத்தில் ஐந்து வீடுகள் இருந்தாலே போதும். காட்டோரத்து ஐந்து குடும்பங்களையும் அச்சட்டம் மறக்கவில்லை.

மூபானின் தலைவர் பூயாய்பான். ஊர் மக்களே அவரைத் தேர்ந்தெடுக்கின்றனர். தம்போனிலுள்ள பூயாய்பான்களுள் ஒருவரே காம்னான் ஆகிறார். மன்னர் சுலாலங்கார்ன் காலத்தில், இளவரசர் தம்ரோங் உள்துறையை ஏற்ற 1892-ஆம் ஆண்டில், நாம் உறையில் எழுதிய அதே பாங்பா-இன்னில்தான் இத்தேர்தல் முதன்முதலில் சோதித்துப் பார்க்கப்பட்டது.

ஆனால் இங்கே ஒரு சிக்கல் உண்டு. மாகாண ஆளுநரையும் அம்போ அதிகாரியையும் உள்துறை நியமிக்கிறது. பூயாய்பானோ ஊராரால் தேர்ந்தெடுக்கப்பட்டும் அரசிடம் மாதந்தோறும் படி பெறுகிறார். அம்போ அலுவலகக் கூட்டத்துக்குச் சென்று வந்து அங்கே சொன்னதை ஊர் ஒலிபெருக்கியில் அறிவிக்கிறார். அவர் ஊருக்கு ஆளா, அரசுக்கு ஆளா? 1992-இல் அவருடைய பதவிக்காலத்தை ஐந்தாண்டாக்கினர். 2008-இல் அதை மாற்றி அறுபது வயது வரை நீடிக்கலாம் என்றனர். நீண்ட பதவி அச்சமின்றி உழைக்க உதவும் என்பர் சிலர். ஊராரின் கை கட்டப்பட்டுவிட்டது என்பர் வேறு சிலர். எனக்கு இரண்டாமவர் கூற்றே சரியெனப் படுகிறது. 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி தம்போன்களில் தேர்ந்தெடுக்கப்பட்ட நிர்வாக அமைப்புகளும் தோன்றியதால், ஒரே ஊரில் இருவகைத் தலைமை உண்டாகிவிட்டது.

இன்னொன்றையும் கூறவேண்டும். 1982 வரை பெண்கள் பூயாய்பானாகவோ காம்னானாகவோ வரச் சட்டம் இடம் தரவில்லை. அவ்வாண்டில்தான் அத்தடை நீங்கியது. இன்று தாய்லாந்தின் பல ஊர்களில் காலை வேளையில் ஒலிபெருக்கியில் கேட்பது ஒரு பெண் தலைவியின் குரல்.