பெட்டியின் பின்விளக்குகளைப் பரீட்சிக்கும் முறை

காலபோக நெல் முற்றி அரிவு வெட்டுத் தொடங்கியதும், இரணைமடுக் குளத்தின் கீழ்வயல்களிலிருந்தும் முத்தையன்கட்டுப் பக்கத்திலிருந்தும் நெல் மூடைகளைச் சுமந்துகொண்டு உழவு இயந்திரப் பெட்டிகள் இரவிலே பிரதான வீதிகளில் வந்து ஏறுவதைக் கண்டவர்கள், அவற்றுட் சிலவற்றின் பின்புறம் முற்றாக இருண்டு கிடப்பதையும் கண்டிருப்பார்கள். ஏ9 வீதியில் மணிக்கு 70 கிலோமீற்றர் வேகத்தில் வரும் வாகனம் ஒரு வினாடிக்குள் ஏறக்குறைய 19 மீற்றர் தூரத்தைக் கடந்துவிடுகின்றது. ஆகையால் முன்னே ஊர்ந்து செல்லும் பெட்டி கடைசி நேரத்திலே கண்ணுக்குத் தென்பட்டால், எத்துணைச் சாமர்த்தியமுள்ள சாரதியாலும் ஒன்றும் செய்யமுடியாது. பெட்டியை இழுத்துச் செல்பவருக்கோ தம் முதுகுக்குப் பின்னால் விளக்கு எரிகின்றதா அணைந்துவிட்டதா என்பது தெரிவதில்லை. இந்த அபாயத்தை நீக்குவதற்கு ஒரு மாலைப்பொழுதும் ஒரு சிறு பற்றரியும் போதும். போர்க்காலப் பொருளாதாரத் தடையின்போது, பற்றரி கிடையாத நாட்களிலே, சைக்கிளைக் கவிழ்த்து வைத்து மிதிகட்டையைச் சுற்றித் தைனமோவினால் வானொலி கேட்ட வன்னி ஜனங்களுக்கு இது பெரிய வித்தையன்று.

முதலில் பெட்டியிலுள்ள பாரத்தை இறக்கி, அதைச் சமதரையில் நிறுத்தி, சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கல் வைத்து, இழுவைத் தண்டின் கீழ் உறுதியான மரக்குற்றி ஒன்றைக் கொடுத்த பின்னரே உழவு இயந்திரத்தைக் கழற்றி அப்பாற் கொண்டுபோக வேண்டும். வைக்கோலும் டீசற் கலனும் அருகில் இருத்தலாகாது. சரிக்கும் பெட்டியாயின், அதனைத் தூக்கி வைத்துக்கொண்டு முண்டு கொடாமல் கீழே புகுந்து வயர் தேடுவது ஒருபோதும் தகாது.

பரீட்சைச் சாதனத்தை வீட்டிலேயே அமைத்துக்கொள்ளலாம். முதுகிற் சுமந்து மருந்தடிக்கும் தெளிகருவியிலுள்ள 12 வோல்ட் பற்றரி இதற்கு மிகவும் பொருத்தமானது. அதன் நேர்முனைக்கு மிக அருகில் 7.5 அம்பியர் பியூஸ் ஒன்றையும், அதற்கு அடுத்தபடியாக, மின்சாரம் அதனூடாகவே செல்லும்வண்ணம், 21 வாட் மின்குமிழ் ஒன்றையும் தொடுத்து, சிவப்பு வயரின் நுனியில் ஒரு கவ்வியைப் பூட்டுக. எதிர்முனையிலிருந்து வேறொரு வயரும் கவ்வியும் வரட்டும். இடையிலுள்ள அந்தக் குமிழே இந்தச் சாதனத்தின் உயிர்நாடி. பெட்டியின் வயர் எங்கேனும் இரும்பில் உராய்ந்து ஒட்டியிருந்தாலும், குமிழ் மின்னோட்டத்தைச் சுமார் 1.75 அம்பியருக்குள் அடக்கிவிடுவதால், வயர் சூடேறித் தீப்பற்றும் என்ற பயமின்றி வேலை செய்யலாம்.

பெட்டியின் வயர்களை உழவு இயந்திரத்துடன் இணைக்கும் ஏழு முனைச் செருகியின் சர்வதேச ஒழுங்கில், முதலாவது முனை இடப்பக்கச் சிக்னலுக்கும், மூன்றாவது புவித்தொடுப்புக்கும், நான்காவது வலப்பக்கச் சிக்னலுக்கும், ஐந்தாவது வலப் பின்விளக்குக்கும், ஆறாவது பிறேக் விளக்குகளுக்கும், ஏழாவது இடப் பின்விளக்குக்கும் உரியன. இரண்டாவது பனிமூட்ட விளக்குக்குரியதாகையால் நம் பெட்டிகளிற் பெரும்பாலும் வெறுமனே கிடக்கும். இங்கே ஒரு தவறு அடிக்கடி நேர்கின்றது. அந்த ஒழுங்கில் புவித்தொடுப்பு வயர் வெள்ளை நிறமானது. கறுப்போ இடப் பின்விளக்குக்கு உரியது. கறுப்பு என்றவுடன் எதிர்முனை என்று எண்ணி இணைப்பவர்கள் பெட்டி முழுவதையும் குழப்பிவிடுகிறார்கள். ஊர்க் கராஜ்களிலே கைக்குக் கிடைத்த வயரைப் போட்டுப் பழுது பார்த்திருக்கவும் கூடுமாதலால், நிறத்தை நம்பாமல் முனையின் இலக்கத்தையே நம்புதல் நன்று.

இருள் கவியத் தொடங்கும் வேளையில், எதிர்முனைக் கவ்வியை மூன்றாம் முனையிற் பூட்டிவிட்டு, சிவப்புக் கவ்வியை ஒவ்வொரு முனையாகத் தொடுத்துப் பின்னே சென்று பாருங்கள்; பிறேக்கை மிதிக்க இன்னொருவர் வேண்டியதில்லை. பெட்டியின் விளக்கும் எரியாமல் சோதனைக் குமிழும் எரியாமல் இருந்தால், வயர் அறுந்திருக்கிறது, அல்லது விளக்கின் குமிழ் கருகியிருக்கிறது, அல்லது புவித்தொடுப்பு விட்டுப்போயிருக்கிறது. சோதனைக் குமிழ் மாத்திரம் பூரணப் பிரகாசத்துடன் எரிந்து பெட்டி இருண்டிருந்தால், அந்த வயர் சட்டத்தில் எங்கோ தோல் உரிந்து ஒட்டியிருக்கிறது; வயரை அங்குலம் அங்குலமாக அசைத்துச் செல்லும்போது குமிழ் மங்குகின்ற இடமே குற்றமுள்ள இடம். பின்விளக்கு 5 வாட் ஆகையால் நன்றாகவே எரியும். பிறேக் விளக்குகள் சோதனைக் குமிழுடன் மின்சாரத்தைப் பங்கிட்டுக்கொள்வதால் மங்கலாகத் தோன்றும். சிக்னல் விளக்கு விட்டுவிட்டு மின்னாமல் நிலையாக எரிவதும் இங்கே குற்றமன்று. மின்னச் செய்யும் கருவி உழவு இயந்திரத்திலன்றோ இருக்கிறது.

என் அனுபவத்தில், பத்துப் பெட்டிகளில் ஏழெட்டிலே குறை காணப்படுவது புவித்தொடுப்பில்தான். பிறேக் முனையைத் தொட்டால் பின்விளக்கும் சேர்ந்து மங்கலாக எரிவதும், வலப்பக்கச் சிக்னலுக்குக் கொடுத்த மின்சாரம் இடப்பக்கத்திலும் மினுங்குவதும் இதன் அடையாளங்கள். திரும்பிச் செல்ல வழியில்லாத மின்சாரம் அடுத்த குமிழினூடாக வழி தேடுகிறது. பற்றரியின் எதிர்முனையிலிருந்து தனி வயர் ஒன்றை நேரே விளக்கின் உலோகக் கூட்டில் தொட்டுப் பாருங்கள். உடனே விளக்குப் பிரகாசித்தால் நோய் தெரிந்துவிட்டது. முல்லைத்தீவுக் கரையிலே படகையும் மீனையும் ஏற்றி உப்புநீரில் இறங்கும் பெட்டிகளில் பச்சைக் களிம்பு வெகு சீக்கிரம் பிடிக்கும்; அதை அரத்தாளால் தேய்த்து நீக்கி, இறுக்கிப் பூட்டி, வசிலின் பூசிவிட வேண்டும். கொளுக்கி ஆணியின் வழியாகவே மின்சாரம் திரும்பிவிடும் என்று விட்டுவிடுவது பெரும் பிழை. ஓடும்போது குலுங்கும் அந்த ஆணி ஒரு கணம் தொடும், மறுகணம் தொடாது.

பின்பு சோதனைக் குமிழை நீக்கி, பியூஸை மாத்திரம் வைத்துக்கொண்டு, எல்லா விளக்குகளின் உண்மைப் பிரகாசத்தையும் இரண்டாம் முறை பாருங்கள். இரு பக்கமும் ஒத்திருக்க வேண்டும். பற்றரியைக் கழற்றிய பின்னரே செருகியை உழவு இயந்திரத்திற் பூட்டுக. மூடை ஏற்றி முடிந்ததும், சாக்கின் விளிம்போ தொங்கும் வைக்கோலோ விளக்கை மறைக்கின்றதா என்று இருபது அடி பின்னே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வீதியில் ஏறுங்கள்.