கோட்டும் ஊடை நூலும்

அன்புள்ள போளூர் அண்ணனுக்கு,

கடிதம் கிடைத்தது. தறியை விட்டு இறங்கிய கையோடு எழுதியிருப்பீர்கள் போலிருக்கிறது, தாளின் ஓரத்தில் அரக்குச் சாயம். ஆரணிக்குப் போகும் வழியில் கம்பிக் கூண்டுக்குள் நிற்கும் அம்பேத்கர் சிலையைப் பார்த்துவிட்டு உங்கள் மகன் இரண்டு கேள்விகள் கேட்டானாம்: இந்த வெயிலில் ஏன் கோட்டு? ஏன் உள்ளே வைத்துப் பூட்டியிருக்கிறார்கள்? நெசவுக்காரனுக்கும் அவருக்கும் என்ன சம்பந்தம் என்று நீங்களும் ஒன்று கேட்டிருக்கிறீர்கள். அதிலிருந்தே தொடங்குகிறேன்.

பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகம் கிடைத்தது நெசவுப் பிரிவில். தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கு அங்கே இடமில்லை. தறியில் குறுக்கே ஓடும் நாடாவில் நூல் சுற்றிய தார் தீர்ந்து புதுத் தார் போடும்போது, ஊடை நூலை நாடாவின் கண்ணில் வாய்வைத்து உறிஞ்சி இழுக்க வேண்டும். அவர்கள் எச்சில் பட்ட நாடாவில் நாங்கள் வாய்வைப்பதா என்று கூட வேலை செய்த மற்றச் சாதிக்காரர்கள் மறுத்தார்கள். மறுத்தவர்களும் கூலிக்காரர்கள்தான் என்பது என்னை இன்றும் வதைக்கிறது. 1928-ல் அந்த ஆலைகளில் ஆறு மாதம் வேலைநிறுத்தம் நடந்தது. நெசவுப் பிரிவை எங்கள் ஆட்களுக்கும் திறக்க வேண்டும், அதையும் கோரிக்கையாக வையுங்கள் என்று அப்போது வற்புறுத்தியவர் அம்பேத்கர். முந்தின ஆண்டு மகாடு ஊரில், ஒதுக்கப்பட்டவர்களுக்கு மறுக்கப்பட்ட பொதுக்குளத்தில் இறங்கித் தண்ணீர் அள்ளிக் குடித்த அதே மனிதர். அரசியல் சட்டம் வகுத்தவர் என்ற ஒரே வரியோடு பள்ளிக்கூடத்தில் அவரை முடித்துவிடுகிறோம். ஒரு மடக்குத் தண்ணீருக்கும் ஒரு இழை நூலுக்கும் அவர் போராடியதைப் பிள்ளைகளுக்குச் சொல்வதில்லை.

இன்னொன்று. அவருடைய அப்பா கபீர் வழியில் நின்றவர். புத்தர், கபீர், பூலே மூவரையும் தம் குருமார்கள் என்றார் அம்பேத்கர். கபீர் காசியில் தறி நெய்தவர், அண்ணா.

இனி கோட்டு. 1921 செப்டம்பரில் மதுரையில் காந்தி மேலாடையைத் துறந்தார். ஏழைகளுக்கு இல்லாத துணி தமக்கும் வேண்டாம் என்ற அந்த மனசை நான் வணங்குகிறேன். ஆனால் துறப்பதற்கும் முதலில் உடுத்த விட வேண்டுமே! பத்தாண்டுகூட ஆகவில்லை, 1930-ல் பக்கத்து ராமநாதபுரத்தில் ஆதிக்கச் சாதியார் ஒடுக்கப்பட்டவர்களுக்குத் தடைகள் விதித்தார்கள். தங்கம் வெள்ளி கூடாது. ஆண்கள் கோட்டு, சட்டை, பனியன் போடக் கூடாது, வேட்டி முழங்காலுக்குக் கீழே இறங்கக் கூடாது. பெண்கள் மாரை மறைக்கக் கூடாது, பூ வைக்கக் கூடாது. குடை, செருப்பும் கூடாது. நீங்கள் நெய்யும் முகூர்த்தப் பட்டை ஒரு பெண் விலை கொடுத்து வாங்கினாலும் உடுத்திக்கொண்டு தெருவில் நடக்க முடியாது. அந்தக் காலத்தில், கொலம்பியாப் பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்து வந்த ஒருவர் கழுத்துவரை பித்தான் போட்டு நின்றார். அந்தக் கோட்டைப் பார்த்து எத்தனை தகப்பன்மார் தங்கள் பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடுத்திருப்பார்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். சிற்பி அவர் கையில் புத்தகத்தையும் கொடுத்துக் கோட்டையும் விடாமல் செதுக்குவது அதனால்தான்.

கூண்டைப் பற்றிச் சொல்ல எனக்கு வெட்கமாக இருக்கிறது. இரவில் வந்து தலையை உடைக்கிறார்கள், கையை உடைக்கிறார்கள். விடிந்தால் ஊர் இரண்டாகி நிற்கிறது. அதற்குப் பயந்து கம்பி போடுகிறார்கள். உடைப்பவரைத் திருத்துவதைவிடச் சிலையைச் சுற்றிக் கம்பி நடுவது சுலபமாக இருக்கிறது. மகனிடம் இதை மறைக்காதீர்கள். அவர் தப்புச் செய்ததால் உள்ளே இல்லை என்பதை முதலில் சொல்லிவிடுங்கள்.

ஒன்று கேட்க வேண்டும். தறியில் இழை அறுந்தால் பிணைக்கும்போது விரலை நாக்கில் தொட்டுக்கொள்வதுண்டா? அடுத்த கடிதத்தில் எழுதுங்கள். நாடாவின் கதையைக் கேட்டு மகன் என்ன சொன்னான் என்பதையும்.

அன்புடன்,
உங்கள் தம்பி