பிளைட் பிளான் போட்டாச்சு... கன்ட்ரோலருக்குத் தெரியுமா?

அமெரிக்காவுல விமானப் பயிற்சிக்குப் போற தங்கச்சிங்க, தம்பிங்க தனியா நெடுந்தூரம் பறக்கிற நாள் நெருங்கினதும் இதைத்தான் கேட்பாங்க: "அக்கா, பிளைட் பிளான் போட்டுட்டேன். இனி கன்ட்ரோலர் பார்த்துக்குவார்தானே?"

பார்த்துக்க மாட்டார், கண்ணு. நீ போட்ட வி.எஃப்.ஆர். (கண்ணால பார்த்துப் பறக்கிற முறை) பிளான் அவர் திரைக்குப் போறதே இல்ல. அது போறது பிளைட் சர்வீஸுக்கு. அது வேற அமைப்பு, அங்க இருக்கிறதும் வேற ஆளுங்க. நீ வந்து சேரலைன்னா எங்க தேடணும்னு சொல்றதுக்குத்தான் அந்தப் பிளான். பறக்கும்போது பக்கத்துல எந்த விமானம் வருதுன்னு சொல்ற சேவைக்கு பிளைட் ஃபாலோயிங்னு பேர். அதை ரேடியோவுல தனியா கேட்டு வாங்கணும். ரெண்டுக்கும் காசு கிடையாது. ரெண்டையும் எடுத்துக்கோ.

சாதாரண உள்நாட்டு வி.எஃப்.ஆர். பயணத்துக்குப் பிளான் கட்டாயமில்லைதான். ஆனா ஸ்டீவ் ஃபாஸெட்டை நினைச்சுப் பாரு. பலூன்ல தனியா உலகத்தையே சுத்தி வந்தவர். 2007 செப்டம்பர் 3-ம் தேதி நெவாடாவுல ஒரு பண்ணையிலிருந்து சின்ன விமானத்துல கிளம்பினார். பிளான் போடல. எந்தத் திசையில போனார்னே தெரியாம பெரிய தேடுதல் நடந்துச்சு. விமானத்தோட சிதைவு கிடைச்சது 2008 அக்டோபர்ல, கலிபோர்னியா மலையில. அவ்வளவு அனுபவசாலிக்கே இப்படின்னா, பாலைவனமும் மலையுமா இருக்கிற ஊர்ல முதல் தடவை தனியா போற உனக்குப் பிளான் வேணுமா வேண்டாமான்னு யோசிக்கவே கூடாது.

அரிசோனாவுல மேசா ஊர் ஃபால்கன் ஃபீல்டிலிருந்து பிரெஸ்காட் போறேன்னு வெச்சுக்கோ. பிளான்ல நேரத்தை யு.டி.சி.யில எழுதணும். அரிசோனா 7 மணி நேரம் பின்னாடி, அதனால காலை 8 மணின்னா 15:00. நவஹோ பகுதி தவிர அங்க கோடைக்குக் கடிகாரத்தை மாத்துறது இல்ல. பக்கத்து மாநிலத்துல படிக்கிற தோழியோட கணக்கை அப்படியே காப்பியடிக்காதே. போன் நம்பர் கேட்கிற இடத்துல, இறங்கினதும் நீ எடுக்கக்கூடிய நம்பரைக் கொடு. ஊர்ல இருக்கிற அம்மா நம்பரைக் கொடுத்தா, நடுராத்திரியில அவங்களுக்குத்தான் முதல் போன் போகும். விமானத்தோட நிறத்தை அலட்சியமா எழுதாதே. மேலேயிருந்து தேடுறவங்க கண்ணு அதைத்தான் தேடும். வழியில இறங்கி ஏறுறதா இருந்தா ஒவ்வொரு கட்டத்துக்கும் தனிப் பிளான் போடு. கட்டம் சின்னதா இருந்தா தேடுதலும் சீக்கிரம் தொடங்கும்.

எரிபொருள் விஷயத்துல, பகல்ல போய்ச் சேர்ந்த பிறகும் 30 நிமிஷத்துக்கு மிச்சம் இருக்கணும்னு சட்டம் சொல்லுது. நீ 1 மணி நேரம் வெச்சுக்கோ.

பிளானைப் போட்டா மட்டும் போதாது, திறக்கணும். திறக்காத பிளானுக்காக யாரும் உன்னைத் தேட மாட்டாங்க. 1-800-992-7433-க்குப் போன் பண்ணு. இல்லேன்னா முன்னாடியே பதிவு பண்ணி வெச்சா போனுக்கு லிங்க் வரும், அதுலயே திறக்கலாம்.

இப்போ ஃபாலோயிங். ஃபால்கன் டவரை விட்டு வெளியே வந்ததும் பீனிக்ஸ் அப்ரோச்சைக் கூப்பிடு. முதல்ல கால்சைனும் "வி.எஃப்.ஆர். ரிக்வெஸ்ட்"டும் மட்டும் சொல்லு. அவர் "கோ அஹெட்"னு சொன்ன பிறகு எங்க இருக்கே, என்ன விமானம், எந்த உயரம், எங்க போறேன்னு ஒரே மூச்சுல சொல்லு. கூடவே "ஸ்டூடண்ட் பைலட்"னும் சொல்லு. வெட்கப்படாதே, அந்த ஒரு வார்த்தைக்கு அவங்க வேகத்தைக் குறைச்சுப் பேசுவாங்க. 1200-க்குப் பதிலா வேற ஸ்குவாக் நம்பர் தருவாங்க. வேலை அதிகமா இருந்தா முடியாதுன்னும் சொல்லலாம், அது அவங்க உரிமை. கொஞ்ச தூரம் போய், அடுத்த அலைவரிசையில திரும்பக் கேளு.

ஃபாலோயிங் கிடைச்சிடுச்சுன்னு கிளாஸ் பி-க்குள்ள நுழைஞ்சிடாதே. பீனிக்ஸ் ஸ்கை ஹார்பரைச் சுத்தி அந்த வான்வெளி அடுக்கடுக்கா விரிஞ்சிருக்கு. உள்ளே நுழைய "கிளியர்டு"ன்னு அவர் வாயால சொல்லி உன் காதால கேட்கணும். அதோட மாணவர்னா உன் பயிற்சியாளர் கையெழுத்தும் லாக்புக்ல இருக்கணும். அது இல்லேன்னா அடுக்குக்குக் கீழேயே போய், தாண்டின பிறகு ஏறு. பிரெஸ்காட் வடமேற்குல இருக்கு, அதனால இரட்டைப்படை ஆயிரம் கூட்டல் 500: 6,500 இல்லேன்னா 8,500 அடி. ஓடுதளமே 5,000 அடிக்கு மேல இருக்கிற ஊர், நான் 8,500 தான் எடுப்பேன். திரும்பும்போது ஒற்றைப்படை, 7,500 இல்லேன்னா 9,500.

கன்ட்ரோலர் பேசிட்டு இருக்கார்னு கண்ணை உள்ளே வெச்சுக்காதே. வழியில மத்த விமானங்களோட இடைவெளி காக்கிற பொறுப்பு உன்னோடது, அவர் தகவல்தான் தருவார். 1956 ஜூன் 30 அன்னைக்கு இதே அரிசோனாவுல, கிராண்ட் கேன்யன் மேல ரெண்டு பெரிய பயணி விமானங்கள் மோதி 128 பேரும் இறந்தாங்க. அந்த வான்வெளியில அப்போ விமானிங்க கண்ணால பார்த்துத்தான் விலக வேண்டியிருந்துச்சு. 1958-ல வந்த புது விமானச் சட்டத்துக்கு அந்த விபத்து ஒரு முக்கியக் காரணம். நீ சின்ன விமானத்துல அப்படிப் பார்த்து விலகுற முறையிலதான் இன்னமும் பறக்கிறே. அவர் சொன்ன விமானம் தெரியலைன்னா "நெகடிவ் காண்டாக்ட்"னு உடனே சொல்லு. தெரிஞ்ச மாதிரி தலையாட்டாதே. அவர் சொல்ற திசையில மேகம் இருந்தா "அனேபிள், வி.எஃப்.ஆர்."னு சொல்லிடு. அது மரியாதைக் குறைவு இல்ல, மேகத்துக்கு வெளியே இருக்கிறது உன் வேலை.

பிரெஸ்காட் பக்கம் வந்ததும் "ரேடார் சர்வீஸ் டெர்மினேட்டட்"னு சொல்லி உன்னை டவர்கிட்ட விடுவாங்க. இறங்கி, நிறுத்தி, இன்ஜினை அணைச்சதும் பிளானை நீயேதான் மூடணும். வி.எஃப்.ஆர். பிளானை டவர் தானா மூடாது. சொன்ன நேரத்தைத் தாண்டி 30 நிமிஷத்துல தேட ஆரம்பிச்சிடுவாங்க. முதல்ல உன் போன், அப்புறம் ஏர்போர்ட், அதுக்கப்புறம் ஆளுங்களே கிளம்பிடுவாங்க. அதனால கிளம்புறதுக்கு முன்னாடியே போன்ல அலாரம் வை. எதிர்க்காத்துல தாமதமானா மேலேயிருந்தே நேரத்தை நீட்டிக்கச் சொல்லு. பிளைட் சர்வீஸ் எட்டலைன்னா கன்ட்ரோலர்கிட்ட தகவலைச் சொல்லி அனுப்பச் சொல்லிக் கேளு.