கொந்தளிக்கும் கடலும் நெடும்பயணமும்: கயாக்கைத் தேர்ந்தெடுக்கும் முறை

கடற்கலங்கள் பலவற்றுள்ளும் மனிதன் உடலோடு மிக நெருங்கி இயங்குவது கயாக் எனலாம். வடதுருவத்தை அடுத்த கிரீன்லாந்து முதலிய பனிநாடுகளில் வாழும் இனுயிட் மக்கள் சீல் வேட்டையின்பொருட்டு இதனை இயற்றினர். கடலில் மிதந்துவந்த மரத்தாலும் எலும்பாலும் சட்டம் அமைத்து, சீல் தோலைப் போர்த்து, நடுவே ஒருவன் இருத்தற்குரிய துளையொன்று விட்டனர். நம் கட்டுமரத்தில் அலை மேலேறி வழிந்தோடிவிடும். கயாக்கிலோ துளையின் விளிம்போடு இருப்போன் இடையைப் பிணைக்கும் போர்வையொன்று நீர் உட்புகாவண்ணம் காக்கும். வேடன் தன் கைகளையே அளவுகோலாகக் கொண்டு தன் கலத்தைக் கட்டினான். ஆதலின் அஃது அவனுக்கு ஆடைபோற் பொருந்திற்று.

1959-ஆம் ஆண்டிற் கிளாஸ்கோ நகரத்து மாணவராகிய கென் டெய்லர் என்பார் கிரீன்லாந்தின் மேற்கரையிலுள்ள சிற்றூரொன்றிற்குச் சென்று, ஆங்குத் தமக்கெனக் கட்டப்பெற்ற கயாக் ஒன்றைக் கொண்டுவந்தார். அதன் வடிவமே பிற்காலத்தில் பிரிட்டனிற் கண்ணாடி இழையாற் செய்யப்பட்ட கலங்கள் சிலவற்றிற்கு மூலமாயிற்று. இன்று பிளாஸ்டிக்காலும் இவை செய்யப்படுகின்றன.

ஈண்டு நாம் ஆராயப் புகுந்த வினா இது: பாறைகளை மோதும் அலையினும் விரைந்த நீரோட்டத்தினும் விளையாடுதற்கும், கூடாரமும் உணவும் ஏற்றிப் பல நாட் பயணஞ் செய்தற்கும் ஒரே கயாக் போதுமாயின், அஃது எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? இது வெறும் பொழுதுபோக்கினர் வினா அன்று. 1993 மார்ச் 22-ஆம் நாள் தென் இங்கிலாந்தின் லைம் விரிகுடாவில், கயாக்குகளில் நீர் புகுந்து நிரம்ப, பள்ளி மாணவர் நால்வர் குளிர்ந்த கடலில் உயிர்துறந்தனர். அதன் விளைவாக 1995-இல் இத்தகைய பயிற்சி நிலையங்களைக் கட்டுப்படுத்தச் சட்டம் ஒன்று பிறந்தது. தக்கது இன்னதென அறியாமை உயிரையே விலையாகக் கேட்கும்.

முதலாவது அறியத்தக்கது நிலைப்பைப் பற்றியது. அமைதியான நீரில் அகன்று தட்டையான அடியுடைய கலம் அசையாது நிற்கும். குறுகிய கலமோ நடுங்கும். புதியோர் முன்னதையே விரும்புவர். ஆயின் தட்டையான அடி எப்பொழுதும் நீர்ப்பரப்போடு ஒத்து நிற்க முயலும் இயல்பினது. அலையின் சரிவிலே நீர்ப்பரப்பே சாயுமாதலின், கலமும் உடன் சாய்ந்து இருப்போனைக் கவிழ்க்கும். சற்றே உருண்ட அடியுடைய கலமோ அலை தன்கீழ்ப் புரண்டு செல்ல விட்டுவிடும். இருப்போன் இடுப்பை அசைத்துத் தான் நிமிர்ந்தே இருத்தல் கூடும். பக்கங்கள் மேனோக்கி விரிந்திருப்பின், சாயுந்தோறும் நீர் தாங்கிக்கொள்ளும். ஆகவே கரையோரத்தில் நிலையாய்த் தோன்றுவது வேறு, கொந்தளிப்பில் நிலைத்திருப்பது வேறு என்பது தெளிவு.

இரண்டாவது, நீளம். நீண்டு நேரான அடியுடைய கலம் வழிமாறாது செல்லும். ஆனால் எளிதில் திரும்பாது. முனைகள் மேல்நோக்கி வளைந்த குறுங்கலம் விரைவில் திரும்பும். ஆனால் நெடுவழியில் வழி பிறழும். வேகத்தின்பொருட்டு நீளத்தை விரும்புவோர் ஒரு கணக்கை நோக்குக. நீரிற் படியும் நீளம் 14 அடியாயின் எளிதில் எய்தும் உச்ச வேகம் மணிக்கு ஏறக்குறைய 5 கடல்மைல். 17 அடியாயின் ஐந்தரை. பயணஞ் செய்வோர் பெரும்பாலும் மூன்று அல்லது நான்கு கடல்மைல் வேகத்திலேயே செல்வராதலின், மிகுந்த நீளத்தாற் பெறும் பயன் சிறிதே.

மூன்றாவது, காற்று. முன்னே செல்லும் கயாக்கின் முன்முனையை நீரின் அழுத்தம் இறுகப் பற்றும். பின்முனையோ கலங்கிய நீரில் நெகிழ்ந்து நிற்கும். பக்கக்காற்று அப்பின்முனையைத் தள்ளவே, கலம் காற்றை நோக்கித் திரும்பும். இதனைத் தடுக்கப் பின்னடியில் இறக்கவும் ஏற்றவும் கூடிய சிறு தகடு ஒன்று அமைக்கப்படும். அதற்கு ஸ்கெக் என்று பெயர். வெறுங்கலம் பெரிதாயிருப்பின் காற்றுக்கு மேலும் இரையாகும். ஆண்டில் ஓரிரு முறை ஏற்றும் பெருஞ்சுமையைக் கருதிப் பெருங்கலம் கொள்வோர், மற்றை நாளெல்லாம் காற்றோடு போராட நேரும்.

நான்காவது, முன்னும் பின்னும் நீர்புகாத் தடுப்பறைகள். கவிழ்ந்தபோதும் இருக்கைப் பகுதி மட்டுமே நிரம்ப, ஏனைப் பகுதிகள் மிதந்து தாங்கும். பயணப் பொருள்களும் இவற்றுள்ளே நனையாதிருக்கும். இவையின்றிக் கடல் புகுதல் தகாது.

இவையெல்லாம் நோக்குமிடத்து, ஒரே கலம் வேண்டுவோர்க்கு ஏறக்குறைய 16 அடி நீளமும் 22 அங்குல அகலமும், அளவான முனைவளைவும், ஸ்கெக்கும் உடையதே ஏற்றது. வேல்சு நாட்டின் ஆங்கிள்சீ தீவைச் சூழ்ந்த கடும் நீரோட்டங்களிற் பழகியோரால் வகுக்கப்பட்ட ரோமனி என்னும் கயாக் இத்தகையது. பன்னாட் பயணத்தில் இதனினும் நீண்ட கலம் மிகுதியான சுமை கொள்ளும். அலைவிளையாட்டில் இதனினும் குறுகிய நீளமுடையது விரைந்து திரும்பும். எனினும் இரண்டிற்கும் உதவுவது இதுவே. வாங்குமுன் தொடையும் பாதமும் இடையும் அதனுட் பொருந்துகின்றனவா என்று, அலையுள்ள நீரிலே, தக்கார் துணையோடு, சுமையுடனும் சுமையின்றியும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். பொருந்தாக் கலம் இடுப்பின் அசைவுக்குச் செவிசாயாது.

ஆயினும் நற்கலம் ஒன்றே காவலன்று. கவிழ்ந்த கயாக்கை உள்ளிருந்தபடியே நிமிர்த்தும் வித்தையைக் கிரீன்லாந்து மக்களிடமே கற்றுத் தேர்ந்த ஆங்கிலேயர் ஜீனோ வாட்கின்சு, 1932 ஆகஸ்டு 20-ஆம் நாள் கிழக்குக் கிரீன்லாந்திற் சீல் வேட்டைக்குத் தனியே சென்றார். ஆளற்ற அவரது கயாக் கண்டெடுக்கப்பட்டது. அவர் உடல் கிடைக்கவேயில்லை. கலமும் நன்று, கையும் தேர்ந்தது. உடன்சென்ற துணை மட்டும் இல்லை. ஆகவே கயாக்கைத் தேர்ந்தெடுக்கப் புகுவோர் தக்க துணைவரையும் உடன் தேர்ந்தெடுத்துக்கொள்வாராக.