14 நாள் பழக்கம், 15 நாள் பிரிவு

கஜகஸ்தானில் குழந்தையைத் தத்தெடுக்கப் போகும் வெளிநாட்டுத் தம்பதிக்கு அந்த நாட்டுச் சட்டம் ஒரு நிபந்தனை வைத்திருந்தது. கோர்ட் படியேறுவதற்கு முன்னால் குறைந்தது 14 நாள் குழந்தையோடு நேரில் பழகியிருக்க வேண்டும். போட்டோவைப் பார்த்தோம், பிடித்துவிட்டது, கையெழுத்துப் போடுகிறோம் என்பதெல்லாம் செல்லாது. தினமும் குழந்தைகள் இல்லத்துக்குப் போய், கொடுக்கிற நேரத்தில் மடியில் வைத்துக் கொஞ்சி, டாக்டரும் ஆயாக்களும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அம்மா அப்பா ஆக வேண்டும்.

அமெரிக்காவின் மினசோட்டா மாநிலத்துப் பள்ளி ஆசிரியை ஒருவரும் அவர் கணவரும் 2000-களின் நடுவில் ஒரு ஜனவரி மாதம் அப்படித்தான் வடக்குக் கஜகஸ்தானில் போய் இறங்கினார்கள். அமெரிக்கர்கள் வெளிநாடுகளிலிருந்து தத்தெடுப்பது உச்சத்தில் இருந்த காலம் அது. 2004-ல் மட்டும் ஏறக்குறைய 23,000 குழந்தைகள். 2023-ல் அது 1,300-ஐக்கூடத் தொடவில்லை. எண்ணிக்கை இப்படிச் சரிந்த பிறகும் ஆசிரியை தன் கதையைச் சொல்வதை நிறுத்தவில்லை. தத்தெடுக்கலாம் என்று நினைக்கிறேன் என யாராவது வாயைத் திறந்தால் போதும், உட்காரவைத்து ஆரம்பித்துவிடுவார். அதில் பாதி யோசனை. மீதிப் பாதி, தங்களை அனுப்பிவைத்த ஏஜென்சியின் மேல் இன்னும் ஆறாத கோபம்.

குளிரைப் பற்றி அவருக்கு யாரும் பாடம் எடுக்க முடியாது. உறைந்த ஏரியின் மேல் கார் ஓட்டிப் போய், பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற ஊர்க்காரர். கஜகஸ்தானின் தலைநகர் அஸ்தானாவில் மைனஸ் 30 டிகிரி என்பது செய்தியே இல்லை. அந்த வட்டாரம் முழுக்க அப்படித்தான். இல்லத்துக்கு நடந்துபோகிற தூரத்தில் வீடு பிடியுங்கள், வழுக்காத பூட்ஸ் வாங்குங்கள், கையுறை ஒன்றுக்கு இரண்டாக வைத்துக்கொள்ளுங்கள். வெளியே இருக்கிற குளிருக்கு அவர் சொல்வது இவ்வளவுதான். அவரைத் திணறடித்தது உள்ளே இருந்த சூடு.

சோவியத் காலத்து ஏற்பாட்டின்படி ஊருக்கே பொதுவான கொதிகலனிலிருந்து குழாய் வழியாக வெந்நீர் வந்து கட்டடங்களைச் சூடாக்குகிறது. அறையில் கூட்டிக் குறைக்கத் திருகு கிடையாது. குழந்தைகளைப் பார்க்கவிட்ட அறையில் பெரியவர்களுக்கு வியர்த்துக் கொட்டியது. குழந்தைக்கோ பருத்திச் சட்டை, அதன் மேல் கம்பளிச் சட்டை, இரண்டு கால்சட்டை, தலையில் தொப்பி. ஜன்னலின் மேல்மூலையில் இருந்த சின்னக் கதவைத் திறந்தால் ஆயா ஓடிவந்து சாத்துவார். காற்று பட்டால் குழந்தைக்கு ஆகாது என்பதில் அந்த ஊர்ப் பெண்களுக்கு இரண்டாம் கருத்தே இல்லை. தெருவில் போகிற முன்பின் தெரியாத பாட்டிகூட நின்று, பிள்ளையின் காதை மூடு என்று அதட்டிவிட்டுத்தான் போவார்.

ஆயாக்களோடு வாதாடாதீர்கள் என்கிறார் ஆசிரியை. சொல்வது அப்படி, செய்தது வேறு. ஆயா வெளியே போனதும் கம்பளிச் சட்டையையும் ஒரு கால்சட்டையையும் கழற்றிவிடுவாராம், காலடி கேட்டதும் மாட்டிவிடுவாராம். துணிமூட்டையாக இருந்த ஒன்பது மாதப் பெண்குழந்தை, வெறும் காலோடு விட்டதும் அவர் உள்ளங்கையை உதைக்கத் தொடங்கியது என்று இன்றைக்கும் பெருமையாகச் சொல்கிறார்.

ஆனால் உண்மையான வேலை நடந்தது பால்புட்டியில். பல குழந்தைகளுக்கு ஓரிரு ஆயாக்கள் என்றால் யாரையும் மடியில் போட்டுப் பால் கொடுக்க நேரம் இருக்காது. மடித்த துணியைத் தொட்டிலில் முட்டுக் கொடுத்துப் புட்டியைச் சாய்த்துவிட்டுப் போய்விடுவார்கள். சீக்கிரம் காலியாகட்டும் என்று ரப்பர் காம்பின் துளையையும் பெரிதாக்கியிருந்தார்கள். குழந்தை கூரையைப் பார்த்தபடி மடமடவென்று விழுங்கியே பழகியிருந்தது. பால் என்றால் ஒரு முகமும் கூட வரும் என்பதே அதற்குத் தெரியாது. ஆசிரியை சின்னத் துளையுள்ள காம்பை ஊரிலிருந்து கொண்டுபோயிருந்தார். மடியில் சாய்த்து, புட்டியைத் தன் கன்னத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொள்வார். குழந்தை முகத்தைத் திருப்பும். அவர் பேசாமல் காத்திருப்பார். முதலில் புட்டியை மட்டும் பார்த்தது. பிறகு புட்டிக்குப் பக்கத்தில் இருந்த மூக்கை. அந்த இரண்டு வாரம் முடிவதற்குள் கண்ணைப் பார்த்துக் குடித்தது, நடுவில் நிறுத்திச் சிரிக்கவும் செய்தது.

நோட்டரி, மொழிபெயர்ப்பு, முத்திரை, டாக்டர் சான்று எல்லாவற்றையும் அவர் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறார். நீதிபதி கேள்வி கேட்டார், அரசு வக்கீல் ஆட்சேபிக்கவில்லை, தீர்ப்புக் கிடைத்தது.

கோபம் தொடங்குவது இந்த இடத்தில்தான். தீர்ப்பு உடனே நடைமுறைக்கு வரவில்லை. அன்றைய சட்டப்படி மேல்முறையீட்டுக்காக 15 நாள் விட வேண்டியிருந்தது. அதுவரை குழந்தை இல்லத்தில்தான் இருக்க வேண்டியிருந்தது. ஏஜென்சியிலிருந்து போன் வந்தது: சும்மா உட்கார்ந்து வாடகை கொடுப்பானேன், ஊருக்குப் போய்விட்டு வாருங்கள், இந்த வயதில் குழந்தைக்கு எதுவும் ஞாபகம் இருக்காது. இருவரும் விமானம் ஏறினார்கள். தன் வாசனை இருக்கட்டும் என்று கழுத்தில் சுற்றியிருந்த ஸ்கார்ஃபை ஆசிரியை தொட்டிலில் விட்டுவந்தார். திரும்பிவந்தபோது அது இல்லத்துத் துணிகளோடு சேர்ந்து கொதிநீரில் வெளுத்து, சுருங்கி, அலமாரியில் மடித்துவைக்கப்பட்டிருந்தது.

குழந்தை அழுதிருந்தால் தாங்கியிருப்பேன் என்கிறார். அது அழவில்லை. தூக்கினால் மரக்கட்டை மாதிரி விறைத்தது. புட்டியைக் கன்னத்தருகே பிடித்தால் தலையைப் பின்னால் வளைத்துக் கூரையைப் பார்த்துக் குடித்தது. அல்மாட்டியில் விசா வேலை நடந்தபோதும் அப்படித்தான், விமானத்திலும் அப்படித்தான். ஊர் வந்தும் பல மாதம், ஈரத்தில் கிடந்தாலும் சத்தம் போடாது. எவ்வளவு சாதுவான பிள்ளை என்று வந்தவர்கள் பாராட்டினார்களாம். அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

குழந்தைக்கு ஞாபகம் இருக்காது என்ற பேச்சு புதியதல்ல. லண்டன் ஆஸ்பத்திரிகளும் ஒரு காலத்தில் அதையே சொல்லித்தான் பெற்றோரை வாசலோடு நிறுத்தின. ஜேம்ஸ் ராபர்ட்சன் என்ற ஆய்வாளர் அங்கே குழந்தைகளைக் கூர்ந்து கவனித்து, 1952-ல் ஒரு படமே எடுத்துக் காட்டினார். பிரிந்த குழந்தை முதலில் கத்தி அழுகிறது, பிறகு சோர்ந்து அடங்குகிறது, கடைசியில் ஒட்டாமல் விலகிவிடுகிறது. அந்த மூன்றாவது கட்டத்தைத்தான் நர்சுகள் 'பழகிவிட்டது' என்று நினைத்தார்கள். ருமேனியாவின் புக்கரெஸ்ட் நகரத்தில் 2000-ல் தொடங்கி 136 இல்லக் குழந்தைகளை ஆராய்ந்தபோது, இரண்டு வயதுக்குள் வளர்ப்புக் குடும்பத்துக்கு மாறியவர்கள் ஒட்டுதலில் நன்றாகத் தேறியது தெரிந்தது. ஒன்பது மாதக் குழந்தையின் கதவு மூடிவிடவில்லை என்று இதற்கு அர்த்தம். ஆசிரியைக்கு இந்த ஆறுதல் போதவில்லை. திறந்திருந்த கதவைச் சாத்தச் சொன்னது யார் என்பதுதான் அவர் கேள்வி.

அதனால் அவருடைய முதல் கட்டளை: இருவரில் ஒருவர் அங்கேயே இருங்கள், கடன் வாங்கியாவது இருங்கள். சொல்வது எளிது. அமெரிக்காவில் 1993-ம் ஆண்டுச் சட்டப்படி தத்தெடுப்பவர்களுக்கு 12 வாரம் விடுப்பு உண்டு. ஆனால் அது சம்பளமில்லாத விடுப்பு. தனியார் கம்பெனி என்றால் குறைந்தது 50 பேர் வேலை பார்க்கிற இடமாகவும் இருக்க வேண்டும். சின்னக் கடையில் வேலை பார்க்கிறவர் பனிக்காலத்தில் அந்நிய ஊரில் தனியே உட்கார்ந்திருக்க முடியுமா என்று கேட்டால் பேச்சை மாற்றிவிடுகிறார். கணவர் மட்டும், அன்றைக்குக் கையில் இருந்த பணத்துக்கு வேறு வழியே இல்லை என்று முணுமுணுக்கிறார். அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது.

பல்கேரியாவிலிருந்து தத்தெடுப்பவர்களிடம் இந்தக் கட்டளை செல்லுபடியாகாது. அங்கே நடைமுறையே இரண்டு பயணம்தான். முதலில் குறைந்தது ஐந்து நாள் போய்ப் பார்த்துவிட்டு, மாதக்கணக்கில் காத்திருந்து மறுபடி போக வேண்டும். அப்படிப் போகிற ஒரு பெண்ணிடம் மட்டும் ஆசிரியை கொஞ்சம் இறங்கிவந்தார். உன் குரலைப் பதிவுசெய்து கொடு, முகம் தெரிகிற போட்டோவைத் துணிப்புத்தகமாகத் தைத்துக் கொடு. ஸ்கார்ஃப் கொடுத்தால் துவைக்க வேண்டாம் என்று அவர்கள் மொழியிலேயே எழுதி ஊசி குத்தி விடு என்றார்.

இன்னொன்றில் அவர் யாருக்கும் இறங்கிவரவில்லை. ஊர் திரும்பியதும் சில மாதம் பால் கொடுப்பது, குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது எல்லாம் அம்மா அப்பா மட்டுமே செய்ய வேண்டும். வேறு யார் கையிலும் குழந்தையைக் கொடுக்கக் கூடாது. மினசோட்டாவின் மார்ச் பனியில் கார் ஓட்டிக்கொண்டு, சொந்தக் கையால் பின்னிய கம்பளிப் போர்வையோடு வந்த மாமியாருக்கும் அதே சட்டம்தான். பார்க்கலாம், தூக்கக் கூடாது. மாமியார் அந்தக் கோபத்தை இன்னும் விடவில்லை. மறுபடி அப்படி நேர்ந்தாலும் போர்வையை மட்டும்தான் வாங்கிக்கொள்வேன் என்கிறார் மருமகள்.